'பெரட்டு' என்ற சொல்லை நீக்கினால் என் பாட்டு படத்தில் வரும் என்கிறார்கள். நீக்கலாமா?

பிறை_மைக் | ஞாயிறு, மதியம் 2.15

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும்தான் இருக்கிறேன். இப்போது ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது, தனியாக எடுக்க முடியவில்லை.

நான் மலேசியாவில், பினாங்கு பக்கம் பிறையில் இருக்கிறேன். ஒன்பது வருடமாகத் தமிழில் ராப் எழுதிப் பாடுகிறேன். கம்பெனி, மேனேஜர் யாரும் கிடையாது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் வேலை. அடுக்குமாடி வீட்டில் என் அறைச் சுவரில் இரண்டு தோத்தோவை (தரையில் விரிக்கும் மெத்தை) தொங்கவிட்டு, காற்றாடியை நிறுத்திவிட்டுத்தான் ரெக்கார்டிங். மைக்கும் ஆடியோ இன்டர்பேஸும் 2017-ல் இன்னொருவரிடமிருந்து வாங்கியவை, இன்னும் உழைக்கின்றன. பீட் போடுவது சுங்கை பட்டாணியில் இருக்கும் நண்பன். மிக்ஸிங் நானே கற்றுக்கொண்டேன்.

இதுவரை 14 பாட்டு வெளியிட்டிருக்கிறேன். ஸ்பாட்டிபையில் 12 மாதத்துக்குள் 1000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு 2024 முதல் காசு கிடையாது. என் 14-ல் 5 பாட்டுத்தான் அந்தக் கோட்டைத் தாண்டுகின்றன. அந்த ஐந்தில் வருவதும் மாதத்துக்கு ஒரு தடவை மோட்டாருக்குப் பெட்ரோல் போடக் காணும், அவ்வளவுதான். மேடையில் கொஞ்சம் வரும். தீபாவளி நிகழ்ச்சிக்கோ கல்லூரி விழாவுக்கோ கோலாலம்பூரில் கூப்பிட்டால் ஈடிஎஸ் ரயில் டிக்கெட் பெரும்பாலும் என் காசு. "பேர் கிடைக்கும் தம்பி" என்று சொல்லி அனுப்பிய இடங்களும் உண்டு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எந்த நிலைமையில் நின்று கேட்கிறேன் என்று தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போன வருடம் என் பாட்டியைப் பற்றி ஒரு பாட்டு எழுதினேன். பாட்டி நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால் மரம் சீவியவர். தோட்டத்தை விற்றதும் லயத்து வீட்டிலிருந்து வெளியேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அந்தப் பாட்டின் துணுக்கு ஒன்று கைக்குக் கை போய், சென்னையில் ஒரு இசையமைப்பாளரின் குழுவில் இருப்பவர் கூப்பிட்டார். ஒரு படத்துக்கு அந்த 16 பாரும் (ஒரு பார் என்பது நான்கு தாள அடி) ஹூக்கும் (திரும்பத் திரும்ப வரும் பல்லவி) வேண்டுமாம். ஒரே தடவையாக ஒரு தொகை. என் மூன்று மாதச் சம்பளம்.

ஆனால் மூன்று சொல்லை மாற்றச் சொல்கிறார்: பெரட்டு (தோட்டத்தில் விடியும் முன் ஆளைக் கூட்டிப் பேர் கூப்பிடுவது), ஆயாக்கொட்டகை (வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுப் போகும் இடம்), வெள்ளி (நம் ரிங்கிட்). முதல் இரண்டும் அங்கே யாருக்கும் புரியாதாம். வெள்ளி என்றால் கிழமை என்றோ கொலுசு என்றோ நினைப்பார்களாம், ரூபாய் என்று போடு என்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

பெரட்டு வரும் வரிகள் இவை:

பெரட்டுல பேரு கூப்பிடும்போது விடியாத நேரம்
இருட்டுல நெத்தி வெளக்கோட நடந்தா நெரைக்கு நெரை தூரம்
திரட்டுன பாலு வாளியில ததும்ப தோளுல ரெட்டைப் பாரம்
வெரட்டுன அன்னிக்கு லாரியில ஏறுச்சு சட்டி பானை, அதுல ஈரம்

மாற்றலாமா? உண்மையாக நினைப்பதைச் சொல்லுங்கள்.


செந்தூல்_வடக்கு | ஞாயிறு, மதியம் 2.40

மாற்றாதே தம்பி. நான்காவது வரி படித்ததும் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.


பழைய_சைபர் | ஞாயிறு, மாலை 5.05

தம்பி, நான் மாற்றுக் கருத்து சொல்லப் போகிறேன். கோபப்படாமல் படி.

நான் 2000-களில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ராப் பண்ணிக்கொண்டிருந்தவன். எங்கள் தலைமுறைக்குக் கதவைத் திறந்தது பொயட்டிக் அம்மோ என்ற ராப் குழு. 1998-ல் அவர்களுடைய முதல் ஆல்பத்தில் ஆங்கிலம், மலாய், கான்டனீஸ், தமிழ் நான்கும் இருந்தன. நம் மொழி அந்த வரிசையில் நின்றதைக் கேட்டபோது எனக்கு வயது 16. அந்தக் கேசட் தேய்ந்து அறுந்த பிறகும் எறியாமல் வைத்திருந்தேன். அப்புறம் 2006-ல் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் நட்சத்திரா என்ற பெயரில் 'வல்லவன்' கொண்டுவந்தார்கள். அது தமிழ்நாடு வரை போனது. அடுத்த வருடமே 'பொல்லாதவன்' படத்தில் யோகி பி குரல் வந்தது. 2016-ல் 'கபாலி'யில் நம் ஊர் ரோஷன் ஜாம்ராக்கின் ராப். அந்தக் கதவு நம் பக்கம் அடிக்கடி திறப்பதில்லை.

இந்த நாட்டில் இந்தியர்கள் ஏறத்தாழ 20 லட்சம். அதில் தமிழ் பேசுபவர், அதில் ராப் கேட்பவர், அதில் காசு கொடுத்துக் கேட்பவர் என்று வடிகட்டிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு மண்டபம் நிறையலாம். அந்த ஒரு மண்டபத்தை வைத்து யாரும் வாழ்நாள் முழுக்கப் பாட முடியாது.

எனக்கும் ஒரு தடவை இப்படி வாய்ப்பு வந்தது. வரியைத் தொடக் கூடாது என்று மறுத்தேன். அப்போது அது சரி என்றுதான் பட்டது. இரண்டு வருடத்தில் கல்யாணம், குழந்தை, வீட்டுக் கடன். மைக்கை விற்றேன். அந்த வரிகள் இன்று யாருக்கும் தெரியாது, என் மகளுக்குக்கூட. மூன்று சொல் போனாலும் பதின்மூன்று பார் உன்னுடையதாகவே இருக்கும். போய்ப் பாடு.


மோனை_வாத்தியார் | ஞாயிறு, இரவு 9.30

நான் ராப் கேட்டு வளர்ந்தவன் இல்லை. புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். என் மாணவர்கள் கேட்பதால் நானும் கேட்க ஆரம்பித்தேன். இந்த நான்கு வரியை இன்று மாலை தாளில் எழுதி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தமிழில் ராப் எழுதுபவர்கள் பெரும்பாலும் வரியின் முடிவில்தான் கவனம் வைக்கிறார்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால் அது மிகச் சுலபம். வருகிறேன், போகிறேன், எரிகிறேன் என்று அடுக்கினாலே இயைபு வந்துவிடும், 'டா' போட்டால் இன்னும் சுலபம். அதனால்தான் பல பாட்டில் பத்து வரி கேட்டதும் காது அலுத்துவிடுகிறது. நம் செய்யுள் மரபு வரியின் தலையைப் பார்க்கும். இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை, முதல் எழுத்து ஒன்றினால் மோனை. பெரட்டு, இருட்டு, திரட்டு, வெரட்டு. நான்கு வரியின் தலையிலும் இரண்டாம் எழுத்து ர அல்லது ரு, மூன்றாவது ட், நான்காவது டு. முடிவில் நேரம், தூரம், பாரம், ஈரம். தம்பி இதைத் தெரிந்து செய்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் முதல் வரியின் முதல் சொல்தான் மற்ற மூன்று வரிக்கும் தாளம் சொல்கிறது. அதை எடுத்துவிட்டு 'வேலையில பேரு கூப்பிடும்போது' என்று பாடிப் பாருங்கள். அடுத்த மூன்று வரியின் தலையும் தனித்தனியாக நிற்கும்.

இன்னொன்று. பெரட்டு குறிலில் தொடங்கி 'ட்டு' என்று மடக்கென்று விழுகிற சொல். மேளத்தில் அடி விழுவது போல. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை வழியில் காவடிச் சிந்து பாடிக்கொண்டு போவதைக் கேட்டவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். அருணகிரிநாதர் திருப்புகழில் தத்தன தனதன என்று சந்தம் வைத்து ஓட்டியதும் இந்த வல்லின அடியை வைத்துத்தான். ராப் நம் பிள்ளைகளுக்கு வெளியிலிருந்து வந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் அதை ஏற்றுக்கொள்ளும் காது இங்கே முன்பே இருந்தது.

பழைய_சைபர் ஐயா சொல்லும் குடும்பச் சுமை எனக்குப் புரிகிறது, நானும் சம்பளக்காரன்தான். ஆனால் மூன்று சொல்தானே என்ற கணக்கு இந்த இடத்தில் பொருந்தவில்லை.


பிறை_மைக் | திங்கள், காலை 8.20

சார், ஷிப்ட் முடிந்து வந்து இப்போதுதான் படித்தேன். எதுகை பள்ளியில் படித்தது. எழுதும்போது அந்தப் பெயர் நினைவில் இல்லை, வாயில் சரியாக உட்காருகிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். நான் எழுதுவது பெரும்பாலும் பினாங்குப் பாலத்தில். 13.5 கிலோமீட்டர், மோட்டாரில் போகும்போது ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போவேன். காற்றில் அடித்துக்கொண்டு போகாத வரியை மட்டும் வேலை இடத்துக்குப் போனதும் போனில் எழுதிக்கொள்வேன்.

நேற்று இரவு போகும்போது மாற்றிப் பாடிப் பார்த்தேன். சென்னைக்காரர் 'மஸ்டர்' என்று போடலாம் என்றார், தமிழ்நாட்டு எஸ்டேட்டில் அப்படிச் சொல்வார்களாம். பாடினேன். பாலத்தின் நடு மேட்டுக்கு வருவதற்குள் நிறுத்திவிட்டேன். பாட்டி அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. அவர் குரல் என் காதில் கேட்காமல் அடுத்த வரி வாயில் வரவில்லை.

பழைய_சைபர் அண்ணே, உங்கள் மேல் கோபம் இல்லை. நீங்கள் சொன்னதில் மகளைப் பற்றிய வரிதான் திரும்பத் திரும்ப ஓடுகிறது.


அட்டன்_தெரு | திங்கள், மதியம் 12.10

நான் இலங்கை மலையகத்திலிருந்து வந்து கோலாலம்பூரில் வேலை செய்கிறேன். பெரட்டு என்ற சொல் மலேசியாவுக்கு மட்டும் சொந்தம் என்று இந்த இழையில் எல்லாரும் நினைப்பது போலத் தெரிகிறது, அதனால் எழுதுகிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்திலும் பெரட்டுத்தான், பெரட்டுக்களம்தான். வெள்ளைக்காரன் 'பரேட்' என்று சொன்னதை நம் ஆட்கள் வாயில் போட்டு மென்று தமிழாக்கிய சொல் அது. விடியும் முன் தப்பு மேளம் அடித்து ஆளைக் கூட்டுவார்கள், அதற்குப் பெரட்டுத் தப்பு என்றே பெயர்.

பினாங்கில் ஒருவர் எழுதிய வரியில் என் அம்மம்மா பேசிய சொல்லைப் பார்த்து அலுவலகத்தில் உட்கார்ந்தபடி கண் கலங்கிவிட்டது. கடல் தாண்டிப் போன இரண்டு கூட்டத்துக்கும் பொதுவான சொல்லை, புரியாது என்று எடுப்பதா?

2021-ல் பாடகர்கள் அறிவும் தீயும் சேர்ந்து பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டியின் கதை இருந்தது. சென்னையில் அதை யாரும் புரியவில்லை என்று தள்ளவில்லை. உலகம் முழுக்கக் கேட்டார்கள்.


லெபோ_பசார்_அக்கா | திங்கள், இரவு 10.45

சொல்லை விடு தம்பி, காகிதம் எங்கே?

நான் பாட்டு எழுதுகிறவள், எம்ஏசிபி (பாட்டு எழுதுகிறவர்களுக்காகப் பணம் வசூலிக்கும் அமைப்பு) உறுப்பினர். மேலே அத்தனை பேர் எழுதியும் ஒருவரும் இதைக் கேட்கவில்லை என்பதுதான் எனக்குக் கவலை. அவர் உன்னிடம் பேசியது எல்லாம் வாட்ஸ்அப் குரல் செய்திதானே? நம் நாட்டின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றிக் கொடுப்பதும், பயன்படுத்த அனுமதி கொடுப்பதும் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். வாய்ப்பேச்சு செல்லாது. அதே சட்டம் உனக்குச் சாதகமாகவும் இருக்கிறது: நீ எழுதிப் பதிவு செய்த அந்த நிமிடமே உரிமை உன்னுடையது, எங்கேயும் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. வேண்டுமானால் அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் தன்னார்வமாக அறிவிப்புக் கொடுக்கலாம், 2012 முதல் அந்த வசதி உண்டு. நாளைக்குச் சண்டை வந்தால் கையில் ஒரு தேதி இருக்கும். வரிக்கான உரிமை உன் ஆயுள் முழுக்கவும் அதற்கு மேல் 50 வருடமும். உன் பேரப்பிள்ளைகள் வரைக்கும் போகும் பொருள் அது. மூன்று மாதச் சம்பளத்துக்கு மொத்தமாகக் கேட்கிறார்களா, ஒரு படத்தில் பயன்படுத்த மட்டும் கேட்கிறார்களா என்று கேட்டாயா?

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. எழுதிய வரியும் மெட்டும் ஒன்று, நீ தோத்தோ கட்டிய அறையில் பதிவு செய்த குரல் இன்னொன்று. இரண்டும் வேறு வேறு உரிமை. படத்துக்குப் போனால் பெரும்பாலும் இரண்டும் ஆடியோ கம்பெனி கைக்குப் போகும். அப்புறம் உன் பாட்டை நீயே யூடியூபில் ஏற்றினால் உனக்கே பதிப்புரிமைக் கிளைம் வரும். எனக்கு இது நடந்திருக்கிறது. என் வரி, என் குரல், பெயர் வேறொருவருடையது. பத்து வருடமாகிறது, இன்னும் ஒரு காசு பார்க்கவில்லை.

எம்ஏசிபியில் சேராமல் 14 பாட்டு வெளியிட்டிருந்தால் இந்த வாரமே போய்ச் சேர். வானொலியில் மின்னலோ ராகாவோ உன் பாட்டைப் போட்டால் எழுதியவனுக்குச் சேர வேண்டிய பணத்தை வசூலிப்பது எம்ஏசிபிக்காரர்கள்தான். நீ கேட்காமல் உன் வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுக்க மாட்டார்கள்.

என் யோசனை: அந்தப் பாட்டைக் கொடுக்காதே. அது உன் பாட்டியுடையது. படத்துக்குப் புதிதாக 16 பார் எழுதித் தருகிறேன் என்று சொல். நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில் 16 பார் என்றால் மொத்தமே 43 விநாடி. அவர்கள் கதைக்கு, அவர்கள் கேட்கும் சொல்லில் எழுதிக் கொடு, அதில் தவறே இல்லை, அது வேலை. ஆனால் பெயர் திரையில் வரும் என்றும், எதற்கு எவ்வளவு என்றும் எழுதி வாங்கிக்கொள். கையெழுத்து வரும் முன் குரலைத் தனி டிராக்காக அனுப்பாதே.


பழைய_சைபர் | செவ்வாய், காலை 7.50

அக்கா சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. கொடுப்பதா மறுப்பதா என்ற இரண்டே வழிதான் அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. கேட்டுச் சொல்ல ஆளும் இல்லை.

ஒன்று மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தம்பி, வேலையை விடாதே, பாட்டையும் விடாதே. இரண்டும் சேர்ந்து உடம்பைக் கெடுக்கும். இரவு ஷிப்ட், காலையில் மிக்ஸிங், சனிக்கிழமை கோலாலம்பூர் ரயில். என் தொண்டை போனது அப்படித்தான். ஒரு வருடத்துக்கு மூன்று பாட்டுப் போதும்.


உறுமி_நாடி | செவ்வாய், மாலை 6.30

பட்டர்வொர்த்தில் உறுமி மேளக் குழுவில் இருக்கிறேன். கல்யாணம், திருவிழா, பிறந்தநாள் என்று எங்களுக்கு வாரம் தவறாமல் அடி இருக்கிறது. கேட்கும் கூட்டத்தில் பாதி உன் வயதுப் பையன்கள். அவர்கள் போனில் ராப்தான் ஓடுகிறது. இந்த இரண்டும் ஒரே மேடையில் ஏன் நிற்கவில்லை என்று எனக்கு ரொம்ப நாளாகக் கேள்வி. அட்டன்_தெரு சொன்ன பெரட்டுத் தப்பு அடியை யாராவது ஒலியாக அனுப்பினால், அதை உறுமியில் வாசித்துப் பார்க்கலாம். சனிக்கிழமை பயிற்சிக்கு வா தம்பி. ரயில் டிக்கெட் வேண்டாம், பத்து நிமிடத்தில் வந்துவிடுவாய்.


அட்டன்_தெரு | செவ்வாய், இரவு 8.00

ஊரில் மாமா தப்பு அடிப்பார். இன்றைக்கே கேட்கிறேன்.


பிறை_மைக் | ஞாயிறு, மாலை 4.35

எல்லாருக்கும் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

சென்னைக்காரரிடம் வெள்ளிக்கிழமை பேசினேன். அந்தப் பாட்டு இல்லை, புதிதாக எழுதித் தருகிறேன், முதலில் ஒப்பந்தம் அனுப்புங்கள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. பிறகு காட்சி என்னவென்று சொன்னார். மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு சண்டை. காகிதம் திங்கட்கிழமை வரும் என்றார். வந்தால் லெபோ பசார் அக்காவிடம் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து. வராவிட்டாலும் சரி, எட்டு பார் எழுதிவிட்டேன், எனக்குப் பிடித்திருக்கிறது. எம்ஏசிபி விண்ணப்பத்தையும் எடுத்து நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று உறுமி அண்ணனுடன் பயிற்சி. அட்டன் அண்ணனின் மாமா அனுப்பிய தப்பு அடியைப் போனில் போட்டு, உறுமிக்காரர்கள் பிடித்து வாசித்தார்கள். என் பீட்டை விட அது கொஞ்சம் மெதுவாக நடக்கிறது. 16 பாரையும் அந்த நடைக்கு மாற்றிப் பாடினேன். வீடியோ எடுத்தோம்.

அதை இன்று காலை பாட்டியிடம் காட்டினேன். இதுவரை முழுப் பாட்டை அவரிடம் போட்டுக் காட்டியதில்லை, வேகத்தில் அவருக்குப் பிடிபடாது என்று நினைத்திருந்தேன். மெதுவாக ஓடியதால் ஒவ்வொரு சொல்லும் அவருக்குக் கேட்டது. பெரட்டு என்றதும் சிரித்தார். மூன்றாவது வரியில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "பால் ததும்பாதுடா. ததும்ப விட்டா கூலியில பிடிப்பான். வாளி மேல எலையப் போட்டுத்தான் தூக்குவோம், சிந்தாது" என்றார்.

ஒன்பது மாதமாக அந்த வரியைத் தப்பாகப் பாடிக்கொண்டிருந்திருக்கிறேன். இன்று மதியம் இப்படி மாற்றினேன்:

திரட்டுன பாலு சிந்தாம இருக்க எலை மெதக்குற பாரம்

வாத்தியார் சார், நிற்கிறதா?


மோனை_வாத்தியார் | ஞாயிறு, மாலை 5.10

நிற்கிறது தம்பி. 'ரெட்டை' போனதில் தோளின் எடை கொஞ்சம் குறைகிறது, ஆனால் இலை வந்துவிட்டது. 'மெதக்குற' என்ற இடத்தில் மூச்சு விடாமல் 'பாரம்' வரை இழுத்துப் பாடிப் பாருங்கள். பாட்டியிடம் அந்த இலை எந்த மரத்து இலை என்றும் கேளுங்கள்.


பிறை_மைக் | ஞாயிறு, மாலை 5.25

கேட்டேன் சார். ரப்பர் இலைதானாம், வேறு என்ன இருந்தது அங்கே என்கிறார். இன்று இரவு பாலத்தில் பாடிப் பார்க்கிறேன்.